மெஷிக்கா மக்களும் அவர்கள் விட்டுச்சென்றவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்டெக் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவை காட்டுக்குள் புதைந்த பிரமிடும், பலிபீடமும், ஒரே நாளில் அழிந்துபோன பேரரசும்தான். இவற்றுள் முதலாவது முழுத் தவறு. மூன்றாவது பாதித் தவறு. அம்மக்களின் தலைநகர் காட்டுக்குள் இல்லை. இன்றைய மெக்சிகோ நகரத்தின் நடுவே, சாலைகளுக்கும் தேவாலயத்துக்கும் அடியில் கிடக்கிறது. அவர்களின் மொழியைப் பேசுவோர் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கின்றனர். அடிக்கடி எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மெஷிக்கா என்போர் யார்? அவர்களும் அஸ்டெக்குகளும் ஒருவர்தாமா?

நாவாத்ல் மொழி பேசிய பல இனக்குழுக்களுள் மெஷிக்காவும் ஒன்று. வடக்கே அஸ்த்லான் என்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நெடுங்காலம் அலைந்து, மெக்சிகோப் பள்ளத்தாக்கின் ஏரிப் பகுதிக்கு மிகவும் பிந்தி வந்து சேர்ந்தவர்கள் தாங்கள் என்று அவர்களே தம் வரலாற்றைச் சொல்லிக்கொண்டனர். நல்ல நிலமெல்லாம் பிறர் கையில் இருந்ததால், தெஷ்கோகோ ஏரியின் நடுவே இருந்த சதுப்புத் தீவில் 1325ஆம் ஆண்டில் தெனோச்தித்லான் நகரை நிறுவினர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. சப்பாத்திக்கள்ளியின் மீது கழுகு அமர்ந்திருக்கும் இடத்தில் குடியேறுமாறு குலதெய்வமான உவீட்சிலோபோச்த்லி பணித்ததாக அந்தக் கதை கூறுகிறது.

‘அஸ்டெக்’ என்பதற்கு ‘அஸ்த்லான் ஊரார்’ என்று பொருள். அந்தப் பெயரை வழியிலேயே விட்டுவிட்டு மெஷிக்கா என்று பெயர் சூட்டிக்கொள்ளுமாறு தெய்வம் கட்டளையிட்டதாக அவர்களின் வரலாற்றுக் குறிப்புகளிலேயே உண்டு. அவர்கள் உதறிய பெயரை 19ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் எழுத்திலும், 1843இல் வெளிவந்த வில்லியம் பிரெஸ்காட்டின் வரலாற்று நூலிலும் உலகம் மீண்டும் எடுத்து அவர்கள் மேல் ஒட்டியது. இன்று அச்சொல் சில நேரம் மெஷிக்காவை மட்டும், சில நேரம் அவர்கள் தலைமையிலான பேரரசை, சில நேரம் நாவாத்ல் பேசுவோர் அனைவரையும் குறிப்பதால் குழப்பம் மிகுதி. ஆகவே இங்கே மெஷிக்கா என்றே எழுதப்படுகிறது. மெக்சிகோ என்ற நாட்டுப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

அவர்களின் பேரரசு எவ்வளவு காலம் நீடித்தது?

நூறாண்டுக்கும் குறைவு. 1428இல் அஸ்கபொத்சால்கோவின் தெபனெக் அரசை வீழ்த்திய பிறகு தெனோச்தித்லான், தெஷ்கோகோ, த்லாகோபான் ஆகிய மூன்று நகரங்களும் கூட்டணி அமைத்தன. அந்த முக்கூட்டணியே பேரரசாக விரிந்தது. வென்ற ஊர்களின் ஆட்சியாளரை அப்படியே விட்டுவைத்துத் திறை மட்டும் வாங்குவதே அவர்களின் பொதுவான முறை. பருத்தித் துணி, கொக்கோ விதை, குவெட்சால் பறவையின் பச்சை இறகு, மக்காச்சோளம் எனத் திறைப் பொருள்களின் பட்டியலை மெந்தோசா ஓவியச் சுவடியில் இன்றும் காணலாம். இந்த ஏற்பாடு செலவு குறைந்தது. ஆனால் திறை கட்டியவர்களின் வெறுப்பு ஊருக்கு ஊர் உறைந்து கிடந்தது. 1519இல் ஸ்பானியர் வந்தபோது அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

தெனோச்தித்லான் எப்படிப்பட்ட நகரம்?

செவில், கோர்தோபா ஆகிய ஸ்பானிய நகரங்களின் அளவுக்குப் பெரியது என்று அந்நகரை வென்ற ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்தேஸ் தம் அரசருக்கு எழுதினார். மக்கள்தொகை ஒன்றரை முதல் இரண்டு லட்சம் வரை இருந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. கரையையும் தீவையும் நீண்ட மண்சாலைகள் இணைத்தன. இடையிடையே எடுத்து மாட்டக்கூடிய மரப்பாலங்கள் இருந்தன. சபுல்தெபெக் குன்றின் ஊற்றுநீர் கால்வாய்ப் பாலம் வழியாக ஊருக்குள் வந்தது. ஏரியின் உவர்நீரை நன்னீரிலிருந்து பிரிக்க, தெஷ்கோகோவின் அரசரும் கவிஞருமான நெசவால்கோயோத்லின் மேற்பார்வையில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அணை எழுப்பப்பட்டது. வடக்கே ஒட்டியிருந்த த்லாதெலோல்கோ சந்தையில் நாள்தோறும் 60,000 பேர் கூடினர் என்பது கோர்தேஸ் தரும் கணக்கு. வென்றவர் தம் வெற்றியைப் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கத்தை மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

‘மிதக்கும் தோட்டங்கள்’ உண்மையிலேயே மிதந்தனவா?

இல்லை. சுற்றுலா விளம்பரங்கள் விடாமல் பரப்பும் பிழை இது. ஆழமற்ற ஏரியில் நீள்சதுரமாகக் கழிகளை நட்டு, இடையில் வேலி பின்னி, ஏரியடிச் சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கடுக்காகக் கொட்டி நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திய பாத்தியே சினாம்பா. ஓரங்களில் ஒருவகை வில்லோ மரத்தை நட்டு, அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளச் செய்தனர். வாய்க்காலின் சேற்றை அவ்வப்போது அள்ளிப் பாத்தியின் மேல் போடுவதுதான் உரம். பக்கவாட்டில் கசியும் நீரே பாசனம். ஆண்டுக்குப் பலமுறை அறுவடை செய்ய முடிந்ததால்தான், சுமைவிலங்கோ சக்கர வண்டியோ இல்லாத ஒரு தீவு நகரம் பசியின்றி இருந்தது.

மெக்சிகோ நகரின் தென்பகுதியான ஷோச்சிமில்கோவில் எஞ்சிய சினாம்பாக்களில் இன்றும் கீரையும் பூவும் பயிராகின்றன. 1987இல் நகரின் பழைய மையத்தோடு சேர்த்து இப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்குள்ள வாய்க்கால்களில்தான் ஆக்சலோட்டல் என்ற நீர்வாழ் உயிரி இயற்கையாக வாழ்கிறது. வளர்ந்த பிறகும் செவுள்களை இழக்காத, வெட்டுண்ட காலை மீண்டும் முளைக்கவைக்கும் இந்த உயிரியின் பெயரும் நாவாத்ல் சொல்லே. ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் ஏராளமாக வளரும் அது, பிறந்த வாய்க்காலில் மட்டும் அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. 2021இல் மெக்சிகோ அதன் உருவத்தை 50 பெசோ நோட்டில் அச்சிட்டது.

சில நூறு ஸ்பானியர் ஒரு பேரரசை எப்படி வென்றனர்?

அவர்கள் மட்டும் வெல்லவில்லை என்பதே விடை. கோர்தேஸ் ஏறத்தாழ 500 வீரர்களுடன் 1519இல் கரை இறங்கினார். ஆனால் 1521இல் தெனோச்தித்லானை முற்றுகையிட்ட படையில் மிகப் பெரும்பான்மையோர் த்லாஷ்கலா முதலிய நகரங்களைச் சேர்ந்த உள்ளூர் மக்களே. மெஷிக்காவின் பழைய பகைவர்களும் திறை கட்டிச் சலித்தவர்களும் தம் கணக்கைத் தீர்க்க வந்த இடத்தில் ஸ்பானியர் தலைமை ஏற்றனர். அடிமையாகக் கோர்தேஸிடம் வந்து மொழிபெயர்ப்பாளரான மலின்ட்சின் என்ற பெண் இல்லாமல் அந்தக் கூட்டணிகள் அமைந்திரா. துரோகி என்று அவரை ஏசுவது மெக்சிகோவில் நெடுநாள் வழக்கம். தம்மை விற்றவர்களுக்கு அவர் எந்த விசுவாசம் காட்டியிருக்க வேண்டும் என்ற எதிர்க்கேள்வியை அண்மைக் கால வரலாற்றாசிரியர்கள் எழுப்பியுள்ளனர்.

பெரியம்மை 1520இல் நகருக்குள் புகுந்தது. ஸ்பானியர் வந்தபோது அரசராக இருந்த மொக்தெசுமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயித்லாவாக் ஏறக்குறைய 80 நாள்களில் அந்நோயால் இறந்தார். அடுத்த அரசர் குவாவுத்தேமோக், குடிநீரும் உணவும் அறுபட்ட நகரைத் தெருத்தெருவாகக் காத்து நின்று, 1521 ஆகஸ்ட் 13 அன்று பிடிபட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கோர்தேஸ் அவரைத் தூக்கிலிட்டார்.

வந்தவரைக் குவெட்சால்கோவாத்ல் தெய்வம் என்று நம்பி மொக்தெசுமா பணிந்தார் என்ற கதை, போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவற்றில்தான் உருப்பெறுகிறது. தோற்றவர்களை ஏமாளிகளாகக் காட்டும் கதைகளை எளிதில் நம்பிவிடக் கூடாது.

நரபலி உண்மையா, எதிரிகள் கட்டியதா?

உண்மை. தெய்வங்கள் தம்மையே பலியிட்டுத்தான் ஐந்தாம் சூரியனாகிய இந்த உலகத்தை இயக்கினர். அந்தக் கடனை மனிதர் குருதியால் அடைக்க வேண்டும் என்பது அவர்களின் சமயக் கருத்து. 2015இல் தெனோச்தித்லானின் பெருங்கோயிலுக்கு அருகே, தலைநகரின் குவாத்தமாலா தெருவில் உள்ள பழைய வீடொன்றுக்கு அடியில் மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரையால் அடுக்கிய கோபுரம் தோண்டியெடுக்கப்பட்டது. அதில் ஆண்களோடு பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் மண்டையோடுகளும் இருந்தன. ஆகவே இதை முற்றிலும் ஸ்பானியரின் கட்டுக்கதை என்று தள்ளுவது இனி இயலாது.

அதே நேரம், 1487ஆம் ஆண்டுக் கோயில் திறப்பு விழாவில் நான்கே நாளில் 80,400 பேர் பலியிடப்பட்டனர் என்பது போன்ற எண்களை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு பலிக்கும் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டாலே அது நடக்க முடியாததென்று புரியும். மெஷிக்காவுக்குச் சமயக் கடமையாக இருந்த பலி, அடக்கி ஆளப்பட்ட ஊர்களுக்கு அச்சுறுத்தலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்களைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது?

மெஷிக்காவிடம் பட எழுத்து முறையில் அமைந்த சுவடிகள் இருந்தன; பெரும்பாலானவை போரிலும் சமயப் பகையிலும் எரிந்தன. மீட்டுத் தந்தவற்றுள் தலையாயது ஃப்ளாரன்ஸ் சுவடி. பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தே சாககூன், த்லாதெலோல்கோ கல்லூரியில் பயின்ற நாவா இளைஞர்களோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த 12 நூல்கள் அவை. ஒரு பத்தியில் நாவாத்ல், மறு பத்தியில் ஸ்பானியம், இடையிடையே 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். தெய்வம், சோதிடம், பறவை, மருந்துச்செடி, சந்தை வியாபாரியின் தந்திரம் என எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாம் நூல், வீழ்ச்சியைத் தோற்றவர்களின் மொழியிலேயே சொல்கிறது. நூலின் பெருமை முழுவதும் சாககூனுக்கே போய்ச்சேர்வது நியாயமன்று. எழுதிய, வரைந்த கைகள் உள்ளூர் மக்களுடையவை.

புகழ்பெற்ற வட்டக்கல் ஒரு நாள்காட்டியா?

அச்சொல் அதற்கு முழுவதும் பொருந்தாது. 1790 டிசம்பரில் தலைநகரின் சோக்கலோ சதுக்கத்தைச் செப்பனிடும்போது வெளிப்பட்ட சூரியக் கல்லின் விட்டம் 3.58 மீட்டர், எடை ஏறத்தாழ 24 டன். 20 நாள்களின் குறியீடுகள் வட்டமாகச் செதுக்கப்பட்டிருந்தாலும், நாளைக் கணக்கிட அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது. இது பலிச்சடங்கோடு தொடர்புடைய மேடை என்றும், அரசதிகாரத்தின் சின்னம் என்றும் கருதுவோர் உளர்.

அவர்களின் காலக்கணக்கு வேறு. 260 நாள் கொண்ட சடங்குச் சுற்றும் 365 நாள் கொண்ட ஆண்டும் இணையாக ஓடி, 52 ஆண்டுக்கொருமுறை ஒரே புள்ளியில் சந்திக்கும். அன்று ஊரெங்கும் அடுப்பை அணைத்து, குன்றின் உச்சியில் கடைந்தெடுத்த புதுத் தீயிலிருந்து வீடுகளுக்கு நெருப்பு கொண்டுபோவர். அவ்விழா கடைசியாக நடந்தது 1507இல். அச்சுற்று முடியும் முன்பே பேரரசு முடிந்தது.

நாவாத்ல் இன்றும் பேசப்படுகிறதா?

ஆம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவாத்ல் பேசுவோராகப் பதிவாயினர். மெக்சிகோவின் பழங்குடி மொழிகளுள் அதிகமானோர் பேசுவது இதுவே. ஊருக்கு ஊர் வேறுபடும் பல வழக்குகளாக அது பிரிந்திருக்கிறது. 2003இல் இயற்றப்பட்ட மொழியுரிமைச் சட்டம் பழங்குடி மொழிகளையும் ஸ்பானியத்தோடு தேசிய மொழிகளாக ஏற்றது. ஆயினும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஸ்பானியமே செல்லுபடியாவதால், பிள்ளைகளிடம் தம் மொழியில் பேசத் தயங்கும் பெற்றோர் பலர்.

அம்மொழிச் சொற்கள் தமிழிலும் உள்ளனவா?

நாம் அறியாமலேயே உள்ளன. மென்மையான இனிப்புப் பழங்களுக்கு நாவாத்லில் சபோத்ல் என்ற பொதுப்பெயர் உண்டு. அது ஸ்பானியத்தில் சபோதே ஆகி, நம் பழக்கடையில் சப்போட்டா ஆயிற்று. அதே மரத்தின் பால்தான் தொடக்க கால நவீனச் சூயிங்கம்மின் மூலப்பொருள். அவகேடோ, சாக்லேட், கயோட்டி ஆகியனவும் நாவாத்ல் வழியாகவே உலக மொழிகளுக்குள் நுழைந்தன.

தக்காளியும் மிளகாயும் பொருளாக வந்தன, பெயராக வரவில்லை. போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாய்க்கு மிளகின் பெயரையே நீட்டிக் கொடுத்தோம். தக்காளி என்ற சொல் உள்ளூர்ச் செடிகளுக்கு ஏற்கெனவே வழங்கியதால், வந்த புதியதைச் சீமைத்தக்காளி என்றோம். பிறகு சீமை உதிர்ந்தது.

இன்றைய மெக்சிகோ உணவில் எவ்வளவு பழைய மரபு?

அடித்தளம் முழுவதும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைக்கும் முறை மெஷிக்காவுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. இதனால் தோல் கழல்வதோடு, தானியத்தில் சிக்கிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும் நிலையை அடைகிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுசென்று இந்தச் செய்முறையை விட்டுச்சென்றனர். விளைவாக, சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளிடையே நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் பரவியது. அரைக்கும் கல்லான மெதாத்தேயும் அதன் குழவியும் நம் அம்மியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாதவை. இலையில் பொதிந்து ஆவியில் வேகும் தமால், மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா, கடைந்த பச்சை மிளகாய்ச் சாறு யாவும் சாககூனின் சந்தைப் பட்டியலிலேயே உண்டு. 2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இறந்தோர் தினம் மெஷிக்கா விழாவா?

பாதிக்குப் பாதி என்று கூடச் சொல்லிவிட முடியாது. நவம்பர் 1, 2 ஆகிய நாள்கள் கத்தோலிக்க நாள்காட்டியைச் சேர்ந்தவை. மெஷிக்காவின் இறந்தோர் விழாக்கள் ஆண்டின் வேறு மாதங்களில் நடந்தன. ஆயினும் படையல் வைப்பதிலும், மணம் பிடித்து ஆவி வீடு திரும்பும் என்ற நம்பிக்கையிலும், செம்பசூச்சில் என்ற மஞ்சள் பூவிலும் பழைய மரபைக் காண்போர் பலர். அப்பெயர் ‘இருபது பூ’ என்று பொருள்படும் நாவாத்ல் சொல்லின் திரிபு. நம் ஊரில் மாலையும் தோரணமும் கட்டும் செண்டுமல்லிதான் அது. அதன் தாயகம் மெக்சிகோ. தலைநகரில் நடக்கும் பெரிய எலும்புக்கூட்டு ஊர்வலமோ மிகப் புதியது: 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அப்படியொரு காட்சியைக் கற்பனையாக எடுத்தனர், மறு ஆண்டே நகர நிர்வாகம் அதை உண்மை ஆக்கியது.

மெக்சிகோ அரசு இம்மரபை எவ்வாறு கையாண்டது?

பெருமைக்கு எடுத்துக்கொண்டது, மக்களுக்குத் திருப்பித் தரவில்லை என்பது என் கணிப்பு. கள்ளியின் மேல் பாம்பைக் கவ்விய கழுகு நாட்டுக் கொடியின் நடுவில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில் 1887இல் தலைநகரின் முதன்மைச் சாலையில் குவாவுத்தேமோக் சிலை எழுந்தது. அதே ஆட்சிதான் யாக்கி பழங்குடியினரை வடக்கிலிருந்து பெயர்த்து யுகாத்தான் தோட்டங்களுக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பியது. இறந்த அரசனுக்கு வெண்கலம், உயிரோடிருந்தவர்களுக்குச் சங்கிலி. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் தியேகோ ரிவேராவின் தேசிய மாளிகைச் சுவரோவியங்கள் த்லாதெலோல்கோ சந்தையை உயிர்ப்பித்தன. 1964இல் திறக்கப்பட்ட தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் மெஷிக்காவின் கூடமே நடுநாயகம். மாயா, சபோதெக், புரேபெச்சா முதலிய மக்களை ஓரத்தில் நிறுத்தி, ஒரு நகரத்தின் வரலாற்றை நாட்டின் வரலாறாக்கியதாக இதைக் குறைகூறுவோரும் உண்டு.

எல்லைக்கு அப்பால், அமெரிக்க ஐக்கிய நாட்டில் மெக்சிகோ வம்சாவளியினரின் சிகானோ இயக்கத்தினர் 1969இல் டென்வரில் கூடி அஸ்த்லானைத் தம் தாயகமாக அறிவித்தனர். தெய்வம் கைவிடச் சொன்ன பெயர், குடியேறிகள் என்று இகழப்பட்டவர்களுக்கு, ‘இந்நிலத்துக்கு நாங்கள் அந்நியர் அல்லர்’ என்று சொல்லும் வாதமாயிற்று.

மொக்தெசுமாவின் இறகு மகுடம் ஏன் வியன்னாவில் இருக்கிறது?

குவெட்சால் இறகுகளும் தங்கத் தகடுகளும் கோத்த அந்த மகுடம் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரியக் கோமகன் ஒருவரின் சேகரிப்பில் இருந்தது. மொக்தெசுமா அதை அணிந்தார் என்பதற்குச் சான்று இல்லை. மெக்சிகோ பலமுறை கேட்டும் அது திரும்பவில்லை. பயண அதிர்வை இறகுகள் தாங்கா என்பது இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஆராய்ந்தபின் சொல்லப்பட்ட காரணம். மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் இருப்பது 1940இல் செய்த பிரதி.

அந்தப் பழைய நகரத்தை இன்று எங்கே காணலாம்?

காலடியில். ஸ்பானியர் ஏரியை வடித்துவிட்டு அதன் களிமண் படுகையிலேயே நகரை விரித்தனர். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அக்களிமண் சுருங்குவதால் சில பகுதிகள் ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுகூடத் தாழ்கின்றன. 1985 நிலநடுக்கத்தின் அதிர்வை அந்த ஏரிமண்ணே பெருக்கிக் கட்டடங்களைச் சாய்த்தது. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் கம்பி பதிக்கத் தோண்டியபோது, துண்டிக்கப்பட்ட நிலவுத் தெய்வமான கொயோல்ஷாவுக்கியின் வட்டக்கல் தட்டுப்பட்டது. அதைத் தொடர்ந்து எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் பெருங்கோயில் அகழப்பட்டு, 1987இல் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நுழைவுச்சீட்டு வாங்காமல் பார்க்க விரும்புவோர் பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்துக்குச் செல்லலாம். 1967இல் சுரங்கப்பாதை வெட்டும்போது கிடைத்த, காற்றுத் தெய்வம் எயேகாத்லுக்குரிய சிறு வட்டக் கோயில் அங்கே வண்டி மாறும் வழியின் நடுவே திறந்த வெளியில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் பயணிகள் அடுத்த ரயிலுக்கு ஓடுகிறார்கள்.